பள்ளி வாசலில் தொடங்கும் போக்குவரத்துப் பாடம்: முதல் மூன்று வகுப்புகளுக்கான செயல்பாடுகள்

தொடக்கப் பள்ளிகளில் போக்குவரத்துப் பாடம் பெரும்பாலும் ஒரு வண்ணப் படத்தாளில் தொடங்கி அதே படத்தாளில் முடிந்துவிடுகிறது. தரைவழி, நீர்வழி, வான்வழி என்று மூன்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் இல்லாத, சுமை இல்லாத, சாலையும் இல்லாத சில வாகனங்கள் நிற்கும். ஆசிரியர் குச்சியால் தொட்டுக் காட்டப் பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்குப் பேருந்தின் பெயரை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்தப் பேருந்து தன் ஊருக்குப் போகும், எதைத் தவறவிட்டால் அம்மாவுக்கு வேலைக்குத் தாமதமாகும், பெருமழை பெய்தால் மினிபஸ் எந்தத் திருப்பத்தோடு நின்றுவிடும் என்பதுவரை அதற்குத் தெரியும். தெரியாதவை வேறு. சக்கரம் ஏன் இழுப்பதை எளிதாக்குகிறது, ரயில் ஏன் ஒதுங்கி வழிவிட முடியாது, சத்துணவில் வரும் முட்டை யார் யார் கைமாறி வருகிறது, சாலையைக் கடக்கும்போது ஏன் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்பவை அதற்குப் புதியவை. பாடம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை கற்பிக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நாளுக்கு ஒரு பாடவேளை என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரங்களில் முடிக்கலாம். அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்க 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பழகியவர்களுக்கு, ஒரே செயல்பாட்டுக்குள் மூன்று விதமான வேலை கொடுப்பது எளிதாகவே இருக்கும். தீப்பெட்டி, சோடா மூடி, புளியங்கொட்டை, சுண்ணக்கட்டி, கயிறு, பழைய செய்தித்தாள் ஆகியவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை.

முதல் நாள்: நீ எப்படி வந்தாய்?

படத்தாளை மாட்டாமல், இன்று காலையில் ஒவ்வொருவரும் பள்ளிக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள். நடந்து, மிதிவண்டியில், இருசக்கர வாகனத்தில், ஆட்டோ அல்லது வேனில், பேருந்தில் என்று வகுப்பறைத் தரையில் ஐந்து நீண்ட கட்டங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அவரவர் தத்தம் கட்டத்தில் வரிசையாக நிற்கட்டும். நடந்து வருவதற்கும் ஒரு கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். கிராமத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் அதுதான் மிக நீளமான வரிசையாக அமையும். நடப்பதைப் போக்குவரத்தில் சேர்க்காத பாடம், வகுப்பில் பாதிப் பேரைப் பாடத்துக்கு வெளியே நிறுத்திவிடும். வண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை உயர்ந்தது என்ற எண்ணமும் அங்கிருந்துதான் முளைவிடுகிறது.

வரிசையில் நின்ற பிறகு, ஒவ்வொரு குழந்தையும் தான் நின்ற இடத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு விலகி வரட்டும். தரையில் இப்போது ஒரு வரைபடம் கிடக்கிறது. இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். தீப்பெட்டிகளை இடைவெளி விட்டு வைத்தால், நான்கு பெட்டிகள் உள்ள வரிசை ஆறு பெட்டிகள் உள்ள வரிசையைவிட நீளமாகத் தெரியும். சிறு பிள்ளைகள் நீளத்தைப் பார்த்தே "இதுதான் அதிகம்" என்று சொல்லிவிடுவார்கள். உடனே திருத்தாமல், இரண்டு வரிசைகளையும் ஒன்றுக்கொன்று எதிரெதிரே இணைத்துவைக்கச் சொல்லுங்கள். எதில் துணையில்லாத பெட்டி மிஞ்சுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு ஒரே அளவுள்ள கட்டங்களைத் தரையில் வரைந்து பெட்டிகளை அவற்றுக்குள் வைத்தால், ஏன் கட்டங்கள் சமமாக இருக்க வேண்டும் என்பதற்கு விளக்கமே தேவைப்படாது. அரும்பு நிலையினர் எண்ணிச் சொல்லலாம், மொட்டு நிலையினர் எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிடலாம், மலர் நிலையினர் எவ்வளவு அதிகம் என்று கழித்துச் சொல்லலாம்.

வாசலில் இருந்து பார்த்தல்

இரண்டாம் நாள், பள்ளியின் சுற்றுச்சுவருக்கு உள்ளே, வாசல் கம்பிக்கதவுக்குப் பின்னால் பிள்ளைகளை அமர வைத்து, கால் மணி நேரம் சாலையைக் கவனிக்கச் செய்யுங்கள். வெளியே சாலைக்கு அழைத்துச் செல்லத் தேவையில்லை. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு வகை வாகனம் என்று பிரித்துக் கொடுத்தால் கவனம் சிதறாது. ஒரு குழு இருசக்கர வாகனங்களையும், இன்னொன்று பேருந்து, மினிபஸ்ஸையும், மற்றொன்று சுமை ஏற்றிய வண்டிகளையும் எண்ணட்டும். ஒன்றாம் வகுப்பினர் வண்டி ஒன்று போகும்போதெல்லாம் கொட்டாங்கச்சியில் ஒரு புளியங்கொட்டை போடலாம். மூன்றாம் வகுப்பினர் நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இடும் முறையில் குறித்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். சுமை ஏற்றிய வண்டிகளைப் பார்த்த குழுவிடம் என்ன சுமை, யாருக்குப் போகிறது, எங்கிருந்து வந்திருக்கும் என்று கேளுங்கள். பால் கேன் கட்டிய டிவிஎஸ் வண்டி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர், கேஸ் சிலிண்டர் அடுக்கிய குட்டியானை, தண்ணீர் லாரி, மீன்பாடி வண்டி என்று ஊருக்கேற்ப வரும் விடைகள் எந்தப் பாடநூலிலும் கிடைக்காதவை. வண்டியின் பெயரைப் பிள்ளைகள் ஊர்வழக்கில் சொன்னால் அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். "குட்டியானை" என்று எழுதிவிட்டு அதற்குப் பக்கத்தில் "சிறிய சரக்கு வாகனம்" என்று எழுதினால் குழந்தைக்கு இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. முதல் சொல்லை அழித்துவிட்டு இரண்டாவதை எழுதினால், தன் பேச்சு தவறு என்ற பாடமும் சேர்ந்து கிடைக்கிறது.

மூன்றாம் வகுப்புக்கு இதில் இன்னொரு வேலை உண்டு. எண் பலகைகளின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தும், வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகளுக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும், மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகையும் இருக்கும். எந்த வட்டாரத்து வண்டி என்பதைப் பலகையில் உள்ள எண் சொல்லிவிடும்: டிஎன் 43 உதகை, டிஎன் 45 திருச்சி, டிஎன் 72 திருநெல்வேலி, டிஎன் 74 நாகர்கோவில். அரசுப் பேருந்துகளின் பலகையில் இந்த எண்ணை அடுத்து ஆங்கிலத்தில் "என்" என்ற எழுத்து வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

வகுப்பறைக்குள் ஒரு நகரப் பேருந்து

போக்குவரத்துப் பாடத்தில் மொழி, கணக்கு, ஒழுங்கு மூன்றும் ஒருங்கே சேரும் செயல்பாடு பேருந்து விளையாட்டுதான். இதற்கு இரண்டு பாடவேளைகளைத் தாராளமாக ஒதுக்கலாம். நாற்காலிகள் வேண்டாம். தரையில் பெரிய செவ்வகம் வரைந்து, முன்னும் பின்னும் இரண்டு படிகளைக் குறித்து, இருக்கைகளுக்குக் கட்டம் போட்டால் போதும். ஓட்டுநர், நடத்துநர், பயணிகள், நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் என்று பாத்திரங்களைப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்கு முந்தைய நாள் பெயர்ப் பலகைகளைத் தயாரிக்க வேண்டும். சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களின் பெயர்களைப் பழைய நாட்காட்டி அட்டைகளின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகூடத் தன் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பலகையை அடையாளம் கண்டுகொள்ளும். திருப்பூர், திருச்செங்கோடு போல ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு ஊர்களை வேண்டுமென்றே சேர்த்துவிட்டால், தவறான பேருந்தில் ஏறாமல் இருக்க முழுப் பெயரையும் படிக்க வேண்டிய தேவை தானாகவே வந்துவிடும். படிப்பதற்கு இதைவிட உண்மையான காரணத்தை ஒரு வகுப்பறையில் உருவாக்குவது கடினம்.

நடத்துநருக்கு ஒரு விசிலும் சீட்டுக் கட்டும் வேண்டும். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் புறப்பட வேண்டும் என்ற வழக்கத்தை விளையாட்டின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநராக இருக்கும் பிள்ளை காதால் எண்ணிச் செயல்படப் பழகும். சீட்டுகளைச் செய்தித்தாளில் வெட்டி 5, 10, 15 என்று எழுதிவைக்கலாம். ஒன்றாம் வகுப்புக்கு எல்லாச் சீட்டும் ஐந்து ரூபாய் என்று வைத்தால் போதும். மூன்றாம் வகுப்புக்கு நிறுத்தத்துக்கு நிறுத்தம் கட்டணம் கூடட்டும், இருபது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று நடத்துநர் சொல்லட்டும். "சில்லறையா கொடுங்க", "படியில நிக்காதீங்க", "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்றெல்லாம் பிள்ளைகள் தாங்களே பேச ஆரம்பிப்பார்கள். வகுப்பில் வாயே திறக்காத குழந்தையிடம் விசிலைக் கொடுத்துப் பாருங்கள்.

பெண் பயணிகளுக்கு ஏன் பணம் வாங்கவில்லை என்ற கேள்வி நிச்சயம் வரும், ஏனெனில் 2021ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்வதைப் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தவிர்க்க வேண்டியதில்லை. பணம் கொடுக்காவிட்டாலும் அவர்களுக்கும் ஒரு சீட்டு கிழித்துத் தரப்படுகிறது, அந்தப் பயணத்துக்கான செலவை அரசு ஏற்கிறது, அதேபோல் சீருடையும் பயண அட்டையும் உள்ள மாணவர்களும் கட்டணமில்லாமல் வருகிறார்கள் என்று சொல்லி, விளையாட்டிலும் அப்படியே சீட்டு கொடுக்கச் செய்யுங்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் இடம் விடுவதை அறிவுரையாகச் சொல்லாமல், ஒரு பாத்திரமாகப் பேருந்துக்குள் அனுப்புங்கள்.

பாத்திரங்களைப் பிரிக்கும்போது ஓட்டுநர் என்றால் பையன்கள் மட்டுமே முன்வருவதைப் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993இல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகச் சேர்ந்து, கனரகப் பேருந்தை ஓட்டிக் காட்டியவர் என்பதைச் சொல்லிவிட்டு, அடுத்த சுற்றில் ஓட்டுநர் இருக்கையை ஒரு பெண் குழந்தைக்குக் கொடுங்கள்.

சக்கரம் என்ன செய்கிறது?

எல்லா வாகனப் பாடங்களின் அடியிலும் இருக்கும் அறிவியல் இதுதான் என்பதால், இதைச் சொல்லாமல் செய்தே காட்ட வேண்டும். ஐந்து பாடநூல்களைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் நுனியில் ஒரு ரப்பர் பேண்டைக் கோத்து, அதைப் பிடித்துத் தரையில் இழுக்கச் சொல்லுங்கள். கட்டு நகரும் முன்பு ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று பக்கத்தில் ஒரு குழந்தை விரலால் அளந்து தரையில் கோடு போடட்டும். அடுத்து, கட்டுக்கு அடியில் மை தீர்ந்த உருண்டைப் பேனாக்களை ஐந்தாறு வரிசையாக வைத்து இழுக்கட்டும். ஆறு பட்டை உள்ள பென்சில்கள் சரியாக உருளாது, உருண்டையானவைதான் வேண்டும். ரப்பர் இப்போது ஏறத்தாழ நீளாமலேயே கட்டு நகர்ந்துவிடும், அந்த வேறுபாட்டைக் கண் பார்ப்பதற்கு முன்பே கை உணர்ந்துவிடும்.

இங்கே ஒரு தொல்லை எழும், அதற்காகவே இந்தச் செயல்பாட்டை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கட்டு முன்னே நகர நகர, பின்னால் உள்ள பேனாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். யாராவது அதை எடுத்து ஓடிப்போய் முன்னால் வைக்க வேண்டும். சற்று நேரம் இந்த ஓட்டம் தொடரட்டும். "பேனா கூடவே வந்தால் நன்றாயிருக்குமே" என்று ஏதாவது ஒரு குழந்தை சொல்லும், அல்லது சொல்லும் அளவுக்குச் சலித்துக்கொள்ளும். அச்சு என்பது ஏன் தேவைப்பட்டது என்று காட்ட அதுவே தக்க தருணம்.

மறுநாள் தீப்பெட்டி வண்டி செய்யலாம். சோடா மூடிகளில் ஆணியால் துளையிடும் வேலையை ஆசிரியர் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். தீப்பெட்டியின் அடியில் குளிர்பானக் குழலின் இரண்டு துண்டுகளை ஒட்டி, அவற்றுக்குள் ஈர்க்குச்சியை நுழைத்து, இரு முனையிலும் மூடிகளைப் பொருத்தினால் வண்டி தயார். குச்சியை நேராகப் பெட்டியோடு ஒட்டி, மூடியையும் குச்சியோடு இறுக்கிவிட்ட வண்டி உருளாது. துளை நடுவில் அமையாத சக்கரம் நொண்டும். இந்த இரண்டு பழுதுகளும் வகுப்பில் எப்படியும் நேரும், நேரட்டும். ஓடாத வண்டியையும் ஓடும் வண்டியையும் அருகருகே வைத்து எது வேறுபடுகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பலகையை ஒரு செங்கல் மீதும், அடுத்து இரண்டு செங்கல் மீதும் சாய்த்துவைத்து வண்டிகளை உருட்டிவிட்டு, எவ்வளவு தூரம் போயின என்று சாணாலும் காலடியாலும் அளக்கட்டும்.

பனை மரங்கள் உள்ள ஊர்களில், நுங்குக் காலம் பள்ளி நாட்களில் தொடங்கிவிட்டால், தீப்பெட்டி வண்டியே தேவையில்லை. நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் பனங்காய்க் கூடுகள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனையில் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டியில் அச்சும் இருக்கிறது, சக்கரமும் இருக்கிறது, தள்ளும் விசையும் இருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்த பிள்ளையை அன்று ஆசிரியர் இடத்தில் நிறுத்துங்கள். ஊரில் மாட்டு வண்டி வைத்திருப்பவர் இருந்தால், அவரைப் பள்ளிக்கு அழைத்து, சக்கரத்தின் நடுவிலுள்ள குடம், ஆரக்கால், இரும்புப் பட்டா, நுகத்தடி, சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லக் கேட்கலாம்.

தண்டவாளமும் தண்ணீரும்

ரயில் பற்றிய பாடத்தில் பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டிய முதல் செய்தி, அது தன் தடத்தைவிட்டு விலக முடியாது என்பதும், நினைத்த இடத்தில் சட்டென நிற்க முடியாது என்பதும்தான். விளையாட்டுத் திடலில் இரண்டு இணைகோடுகள் போட்டு, தோளில் கைவைத்து ரயிலாக ஓடும் வரிசைக்குக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரே ஒரு விதி போடுங்கள். எதிரே ஒருவர் வந்து நின்றால் ரயிலால் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், லெவல் கிராசிங்கில் கதவு ஏன் முன்கூட்டியே மூடப்படுகிறது என்பது புரிந்துவிடும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டுக் கணக்கு நிற்காது, தாத்தாவின் தாத்தாவுக்கும் முந்தைய காலம் என்று சொன்னால் போதும்.

இரண்டு ரயில் பாதைகளைச் செய்துகாட்டலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில், கல்லாறு முதல் குன்னூர்வரை செங்குத்தான ஏற்றத்தில் வழுக்காமல் ஏறுவதற்காக, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல் தண்டவாளத்தை எஞ்சினின் பல் சக்கரம் பற்றிக்கொள்ளும். சாய்த்துவைத்த பலகையில் ஒரு சீப்பைப் படுக்கவைத்து, அதன் பற்களுக்குள் இன்னொரு சீப்பின் பற்களைப் பொருத்தித் தள்ளச் சொன்னால், ஏன் பின்னால் சறுக்குவதில்லை என்று கைக்குத் தெரியும். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பாதை அது.

இன்னொன்று பாம்பன். கடலுக்கு மேலே ரயில் பாலம், பாலத்துக்கு அடியில் கப்பல் போக வேண்டும், என்ன செய்வது? விடையைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை முழுப் பாடவேளைக்கும் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது நல்லது. இரண்டு மேசைகளுக்கு நடுவே ஓர் அட்டையைப் பாலமாக வைத்து, அடியில் காகிதக் கப்பலைக் கொடுங்கள். அட்டையை இரண்டாக வெட்டி இருபுறமும் தூக்குவார்கள் சிலர். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலம் அப்படித்தான் இரு பாதியாக மேலெழுந்து வழிவிட்டது. அட்டையின் நான்கு மூலையிலும் நூல் கட்டி முழுவதையும் மேலே தூக்குவார்கள் வேறு சிலர். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுக்காவிட்டால் அட்டை சரிந்து ரயில் விழுந்துவிடும் என்பதையும் நூலைப் பிடித்தவர்கள் கண்டுகொள்வார்கள். பொறியாளர்கள் தீர்த்த ஒரு சிக்கலின் இரண்டு தீர்வுகளையும் ஏழு வயதுப் பிள்ளைகள் தாங்களே எட்டிவிட முடியும் என்பதால்தான், படத்தை முதலில் காட்ட வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன்.

நீர்வழிக்கு ஓர் அகன்ற தொட்டித் தண்ணீர் போதும். தொட்டியருகே பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ஒரே அளவு களிமண்ணை உருண்டையாகப் போட்டால் மூழ்கும், கிண்ணமாக வனைந்து மிதக்கவிட்டால் மிதக்கும். கிண்ணம் எத்தனை புளியங்கொட்டை தாங்குகிறது என்று எண்ணி, வாயை அகலமாக்கினால் கூடுதலாகத் தாங்குமா என்று மாற்றிப் பார்க்கட்டும். பரிசல், கட்டுமரம், தோணி, விசைப்படகு என்று பெயர்கள் அதன் பிறகு வரட்டும். ஒகேனக்கல் பக்கத்துப் பிள்ளைகளும் கடலோரப் பிள்ளைகளும் இதில் ஆசிரியரைவிட அதிகம் தெரிந்தவர்கள். விமானத்துக்கு இந்த வயதில் ஒரு காகித விமானமும் அதன் இறக்கையை மடித்தும் நிமிர்த்தும் பார்க்கும் அரைமணி நேரமும் போதுமானது.

முட்டையின் பயணம்

வாகனம் மனிதர்களை மட்டும் சுமப்பதில்லை என்பதைப் பிள்ளைகளின் தட்டிலிருந்தே காட்டலாம். பள்ளிக்கு வரும் முட்டை எங்கிருந்து புறப்படுகிறது என்று சத்துணவு அமைப்பாளரிடம் பிள்ளைகளே கேட்டு வரட்டும்; கோழிப் பண்ணைகளுக்கும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல்லின் பெயர் பல பள்ளிகளில் இந்த விடைக்குள் வந்துவிடும். பண்ணை, அட்டையில் அடுக்குதல், லாரி, ஊர்க் கிடங்கு, சிறு வண்டி, பள்ளிச் சமையலறை என்று ஆறு படங்களைப் பிள்ளைகள் வரைந்து வரிசைப்படுத்தட்டும். ஒரு காலி முட்டை அட்டையைக் கொண்டுவந்து, அதன் குழிகள் ஏன் அந்த வடிவில் உள்ளன, முட்டைகளைச் சாக்கில் கொட்டிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி, மொத்தம் முப்பது. நம் பள்ளிக்கு இன்று எத்தனை அட்டை வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புக்கான கணக்கு.

சாலைப் பாதுகாப்பு: இந்தியச் சாலைக்கு ஏற்ற பாடம்

இணையத்தில் கிடைக்கும் காணொளிகளிலும் பயிற்சித் தாள்களிலும் பெரும்பகுதி, வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும் நாடுகளில் உருவானவை. அவற்றில் "இடம் பார், வலம் பார், மீண்டும் இடம் பார்" என்று இருக்கும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால், சாலையில் கால் வைத்ததும் நம்மை முதலில் எட்டும் வண்டி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே இங்கே வலம், இடம், மீண்டும் வலம் என்பதே சரி. பாடலோ படமோ எதை எடுத்தாலும் இந்த ஒன்றைச் சரிபார்க்காமல் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். இது குழந்தையின் உயிரைத் தொடும் செய்தி.

திடலில் சுண்ணப் பொடியால் வரிக்குதிரைக் கோடு போட்டு, பாதிப் பேர் வண்டிகளாகவும் பாதிப் பேர் நடப்பவர்களாகவும் மாறி மாறிப் பழகலாம். நின்றிருக்கும் பேருந்தின் முன்னாலோ பின்னாலோ கடக்கக் கூடாது, அது போன பிறகே கடக்க வேண்டும் என்பதை, ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பேருந்தாக வைத்து, அதன் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கும்போது எதிரே வரும் "வண்டி" கண்ணில் படுவதில்லை என்று செய்து காட்டுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்க ஓரமாக நடக்க வேண்டும் என்பதையும் பழக்குங்கள். ஆனால் இத்தனை பயிற்சிக்குப் பிறகும் இந்த வயதுப் பிள்ளைகள் தனியாகச் சாலையைக் கடக்கத் தகுதி பெற்றுவிட்டார்கள் என்று எண்ணக் கூடாது. வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் பெரியவர்களைப் போல் கணிக்க அவர்களால் இயலாது. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு கடப்பதே விதி. மற்றவை அந்த விதிக்குத் துணை.

ஆம்புலன்ஸ் பற்றிச் சொல்லும்போது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருங்கள். வண்டியின் நெற்றியில் அந்த ஆங்கிலச் சொல் இடவலமாகத் திருப்பி எழுதப்பட்டிருக்கும். கரும்பலகையில் அதே போல் ஒரு தமிழ்ச் சொல்லைத் திருப்பி எழுதி, பிள்ளைகள் முதுகைக் காட்டி நின்று கண்ணாடி வழியாகப் படிக்கட்டும். முன்னால் போகும் ஓட்டுநர் தன் கண்ணாடியில் பார்த்து வழிவிடத்தான் இந்த ஏற்பாடு என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அதோடு 108க்கு அழைத்து, என்ன நடந்தது, எந்த ஊர், எந்தக் கோயில் அல்லது கடைக்குப் பக்கத்தில் என்று பதற்றமில்லாமல் சொல்வதையும் விளையாட்டாகப் பழக்கலாம்.

கற்றதை எப்படி அறிவது?

பத்து வாகனங்களின் பெயரை எழுதச் சொல்லும் தேர்வு இங்கே எதையும் காட்டாது. இரண்டு வேலைகள் போதும். முதலாவது, தான் பள்ளிக்கு வரும் வழியை வரைவது. வீடு, வேப்பமரம், ரேஷன் கடை, திருப்பம், பேருந்து நிறுத்தம், பள்ளி என்று அடையாளங்களைச் சரியான வரிசையில் வைத்து, ஆபத்தான இடம் எது என்று ஒரு சிவப்பு வட்டமும் போட முடிந்தால் அந்தக் குழந்தை நன்றாகவே கற்றிருக்கிறது. இந்தப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால், பல பிள்ளைகள் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருப்பது தெரியவரும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எடுத்து வையுங்கள், வேகத்தடையோ எச்சரிக்கைப் பலகையோ கேட்டு மனு எழுத அந்தப் படங்களே சான்றாகும்.

இரண்டாவது, வாகனப் படங்களைக் குவியலாகக் கொடுத்து, பிள்ளைகள் தாங்களே வகுத்த முறையில் பிரிக்கச் சொல்வது. எரிபொருள் வேண்டுபவை, வேண்டாதவை என்று ஒரு குழு பிரிக்கும். ஒருவர் போவது, பலர் போவது என்று இன்னொரு குழு பிரிக்கும். சக்கர நாற்காலியையும் ஜேசிபியையும் குவியலில் கட்டாயம் சேருங்கள். ஜேசிபி வாகனமா, அது எதைச் சுமக்கிறது என்று பிள்ளைகள் வாதாடும்போது, எந்தப் பக்கம் பேசினாலும் காரணம் சொல்கிறார்களா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு பெற்றோர் கூட்டம் வந்தால், தலைக்கவசம் பற்றிப் பேசுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் 2022இல் அறிவிக்கப்பட்ட மத்திய விதியில் சொல்லப்பட்டவை. சிறுவர் அளவுத் தலைக்கவசம் ஒன்றை யாரிடமாவது வாங்கிவந்து மேசைமீது வையுங்கள். பெரியவர்களின் தலைக்கவசத்தைக் குழந்தைக்கு மாட்டினால் பட்டையை இறுக்கிய பிறகும் அது ஆடுவதையும், சரியான அளவு ஆடாமல் நிற்பதையும் பெற்றோர் தம் பிள்ளையின் தலையிலேயே வைத்துப் பார்க்கட்டும்.